அன்றாட வாழ்க்கையில் கத்தோலிக்க விசுவாசத்தின் பாடம் ஒன்றைக் கண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. ஆனால் அது நான் தேடிக் கண்டடைந்தது அல்ல. கண்முன்னே கிடந்தும் நெடுங்காலம் பார்க்காமல் விட்டது.

திருகோணமலையில் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில் பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக மறைக்கல்வி கற்பிக்கிறேன். முதல் நன்மைக்கு, அதாவது நற்கருணையை முதன்முறையாகப் பெறுவதற்கு, பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது என் பொறுப்பு. என் அப்பா உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். இந்த இரண்டும் எனக்குள் ஒன்றையொன்று தொடாமலே இருந்தன.

மூன்று வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மாரி முடிந்து கடல் அடங்கியதும் அவன் வரவு குறைந்தது. ஒரு ஞாயிறு வந்தால் இரண்டு ஞாயிறு வரமாட்டான். வருகிற நாளிலும் பூசை பாதி முடிந்திருக்கும். சட்டையில் மீன் மணம். விசுவாசப் பிரமாணம் பாதியில் நின்றுவிடும். பங்குத்தந்தையிடம் போய், "இவனை அடுத்த வருடம் பார்க்கலாம் பாதர். வீட்டில் அக்கறை இல்லை" என்று சொன்னேன். அந்த வீட்டுப் படியை நான் ஒருநாளும் மிதித்ததில்லை.

"ஞாயிறு காலையில் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டீர்களா?" என்றார் பாதர். நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முறை அவன் வந்த அன்று, நற்கருணை பெறக் கைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கை மற்றக் கைக்குச் சிம்மாசனமாக வேண்டும், அரசரை ஏற்கப்போகிற கை அது என்பது 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராக இருந்த புனித சிரிலின் பெயரால் வரும் போதனை. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். எல்லோரும் கைகளை நீட்டினார்கள். இவன் மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன், "கையை நீட்டு" என்று.

நீட்டினான். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. விரல் மடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கயிறு ரீச்சர்" என்றான். "மாமாவின் கரைவலை."

அவன் சொல்லியிருக்கவே தேவையில்லை. அந்தக் கைகளை நான் அறிவேன். சிறுவயதில் அம்மா இரவில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிற அப்பாவின் கைகள் அவை. எந்த மணத்தைக் குறையாக எண்ணினேனோ, அந்த மணத்தில்தான் நான் வளர்ந்தேன். அந்த மீனை விற்ற காசில்தான் என் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வளைந்து போய், வலையையும் நடுவில் மீன் சேரும் பையான மடியையும் இறக்கிவிட்டு, மறு கயிற்றோடு வேறோர் இடத்தில் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். மணிக்கணக்காக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அப்பா காலத்தில் அம்பா பாடி இழுத்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். மடிக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. சூடையும் பாரையும் வரும், பேத்தையும் வரும், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் போத்தலும் வரும். சின்னப் பெண்ணாக நான் அலைக்குள் ஓடிப்போய் வலைக்குள் எட்டிப் பார்ப்பேன். "மடி கரைக்கு வரட்டும், பிறகு தெரிந்தெடுப்போம்" என்று அப்பா அதட்டுவார்.

அன்றிரவு மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்தேன். விண்ணரசு எல்லா வகை மீன்களையும் வாரிக்கொண்டு வரும் வலைக்கு ஒப்பு என்று ஆண்டவர் சொல்கிற இடம். வலை நிறைந்த பின் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லவற்றைக் கூடையில் சேர்க்கிறார்கள். வருடந்தோறும் அதைக் கற்பித்திருக்கிறேன். கரும்பலகையில் தனியாக ஓர் ஆள் வீச்சுவலை வீசுவதைத்தான் வரைவேன். நல்ல மீனாக இருங்கள், இல்லாவிட்டால் எறிந்துவிடுவார்கள் என்று பிள்ளைகளைப் பயப்படுத்துவேன். பிறகு பாதரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: ஆண்டவர் அழைத்தபோது மீனவர்களான பேதுருவும் அந்திரேயாவும் வீசிய வலைக்கு மூல கிரேக்கத்தில் வேறு சொல். இந்த உவமையில் வருவது 'சகேனே' என்கிற இழுவலை. ஒருவராக இழுக்கவே முடியாத வலை. அப்பாவின் வலை. தெரிந்தெடுக்கிற வேலை கரையில்தான் நடக்கிறது, அதைச் செய்பவர்களும் வானதூதர்கள். மடி இன்னும் கடலில் கிடக்கும்போதே நான் ஒரு மீனைத் தூக்கி எறியப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார். பையன் அம்மம்மாவோடு இருக்கிறான். அந்த அம்மம்மா முழங்கால் வலியோடும் ஒருநாள் தவறாமல் செபமாலை சொல்கிறவர். அக்கறை இல்லாத வீடு என்று நான் சொன்னது அந்த வீட்டைத்தான். "கயிறு பிடித்தால் பங்கு கிடைக்கும் பிள்ளை, அதுதான் அனுப்புகிறேன்" என்றார். பங்கு. கோயிலுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இத்தனை காலம் இரண்டையும் நான் சேர்த்துக் கேட்டதில்லை. ஒன்பது வயதில் ஒரு பிள்ளை கயிறு பிடிப்பது சரியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மாமாவிடம் பேசினோம். பள்ளி நாட்களில் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் அன்று எங்களால் முடியவில்லை.

வகுப்பைச் சனி பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றினோம். அது முடிய மாலைத் திருப்பலி. சனி மாலைப் பூசையில் பங்குகொண்டாலே ஞாயிறு கடன் நிறைவேறும் என்பது திருச்சபைச் சட்டம். எனக்கு அது எப்போதோ தெரியும். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் முதல் நன்மையின் வயதை ஏறக்குறைய ஏழாகக் குறைத்ததும் தெரியும். அதற்கு முன் பல நாடுகளில் பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். பசித்த பிள்ளைக்கு உணவைத் தள்ளிப்போடக்கூடாது என்று அதை விளக்கி நானே பெற்றோர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

அந்த வருடமே அவன் முதல் நன்மை எடுத்தான். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு வரிசையில் வந்தபோது கொப்புளங்கள் காய்ந்து தடித்திருந்தன. பூசை முடிந்து ஒரு சிறிய பையில் நெத்தலி கொண்டுவந்து தந்தான். "என்னுடைய பங்கு ரீச்சர்." வாங்கிக்கொண்டேன்.

எங்கள் மறைமாவட்டத்தில் யேசு சபைக் குருக்கள் தலைமுறைகளாகப் பணி செய்தவர்கள். படுக்கப்போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆத்தும சோதனை அம்மாவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். முன்பு என் பாவங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பேன். யேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் அதை நன்றியோடு தொடங்கச் சொன்னவர். இப்போது அப்படித் தொடங்கி, இன்று யாருடைய கைகளைப் பார்க்கத் தவறினேன் என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். பெரும்பாலும் ஒரு முகம் வருகிறது.

இந்த வருட வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரு மாதமாக வரவில்லை. ஒருத்தியின் வீடு சல்லிக் கிராமத்தில். நாளைக்குப் பாடசாலை விட்டதும் அங்கே போகிறேன்.