வீட்டில் பாட்டுப் பதிவு: எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

காவடி நெருங்குகிறது போல, இந்த முறை வந்த கேள்விகளில் ரெக்கார்டிங் விஷயம்தான் அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கோயில் பஜனைக் குழுவுக்காக வீட்டுப் பின்னறையைச் சின்ன ரெக்கார்டிங் அறையாக மாற்றுகிறோம். அக்கா தேவாரம் பாடுவார், ஹார்மோனியம், மிருதங்கம், ஜால்ரா உண்டு, எல்லாம் சேர்த்து நான்கு மைக்குக்கு மேல் போகாது. கையில் 20,000 ரேண்ட் இருக்கிறது. கடைக்காரர் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டி, இதற்குக் குறைந்து வாங்கினால் பாட்டு விட்டு விட்டு வரும் என்கிறார். வாங்கிவிடவா?
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் கார்டு கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ வேலை செய்கிறவர்களுக்கும் ஆனது, பாட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைக் குளிர வைக்க இரண்டு மூன்று ஃபேன் ஓடும், அந்தச் சத்தம் மைக்கில் விழும், அவ்வளவுதான் அதில் உங்களுக்குக் கிடைக்கப்போவது.

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். 24 பிட், 48,000 சாம்பிள் (சத்தத்தைச் செகண்டுக்கு 48,000 தடவை அளந்து எழுதுவது) என்ற நல்ல தரத்தில் ஒரு மைக்கைப் பதிந்தால் நிமிடத்துக்கு 8.6 எம்பி ஆகும். நான்கு மைக்கையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் 2 ஜிபிதான். இதை எழுதிவைக்கப் பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரே போதும், பதிவது என்பது அதற்கு ஒரு வேலையே இல்லை. பளு வருவது அப்புறம்தான், பதிந்த குரலுக்கு எக்கோ, ரிவெர்ப் (மண்டபத்தில் பாடுவது மாதிரி முழக்கம்), கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) என்று ப்ளக்-இன்களை, அதாவது ஒலியை மெருகேற்றும் சின்ன மென்பொருள்களை, அடுக்கும்போது.

பாட்டு விட்டு விட்டு வருவதற்குக் காரணம் வேறு. சத்தத்தைக் கம்ப்யூட்டர் சின்னச் சின்னத் துண்டாக வாங்கி வேலை செய்து திருப்பிக் கொடுக்கிறது, அந்தத் துண்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குக் கிடைக்கும் நேரம் 2.7 மில்லி செகண்ட். பந்தியில் இலை காலியாவதற்குள் அடுத்த கரண்டி வந்துவிட வேண்டும், இல்லையா, அது மாதிரி. ஒரே ஒரு முறை தாமதமானாலும் 'டிக்' என்று ஒரு சத்தம் பதிவில் ஏறிவிடும். ஆகவே எவ்வளவு வேகம் என்பதைவிட ஒரு தடவைகூடத் தாமதிக்காமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். விலை உயர்ந்த லேப்டாப்கூட வைஃபை டிரைவர் (அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள்) சரியில்லாததால் இப்படி டிக் டிக் என்று அடிக்கும். இந்தத் தாமதத்தைக் கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கடையிலேயே அதைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள். வாங்கிய பிறகும் பதியும் நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுவது நல்லது.

என்ன வாங்கலாம் என்றால், 16 ஜிபி மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி, சமீபத்திய கோர் ஐ5 அல்லது ரைசன் 5 ப்ராசசர். இதற்கு மேல் போக வேண்டியதில்லை. ப்ராசசருக்குள் கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எத்தனை என்று கடைக்காரர் எண்ணிக் காட்டினால் மயங்காதீர்கள், ஒரு ட்ராக்கில் (ஒரு மைக்கின் பதிவில்) வரிசையாகப் போடும் ப்ளக்-இன்கள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும், அதனால் ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதுதான் கேட்க வேண்டியது. மெமரியைப் பிறகு ஏற்ற முடியுமா என்றும் கேளுங்கள். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அதைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நம் தென்னாப்பிரிக்காவில் அதுதான் முக்கியமான கேள்வி. ஒரே விலைக்கு டெஸ்க்டாப்தான் அதிக வேகம் தரும், பிறகு கழற்றி மாட்டவும் வசதி. ஆனால் 2023-ல் லோட் ஷெடிங்கில் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது), அதுவும் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் வரை, உட்கார்ந்தவர்கள் நாம். 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றிருந்தாலும், கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று கரண்ட் போவது நிற்கவில்லையே. பாடிக்கொண்டிருக்கும்போது டெஸ்க்டாப் அணைந்தால் அந்தப் பதிவு ஃபைல் சரியாக மூடப்படாமல் திறக்கவே மறுக்கலாம். லேப்டாப் என்றால் பேட்டரியில் தொடர்ந்து ஓடும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுப்பது என்றால் அதுவும் கூடவே ஓடும், அக்கா பதிகத்தை முடித்துவிடலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் லேப்டாப்தான்.

20,000-ல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கம்ப்யூட்டருக்குப் போடாதீர்கள். மீதி, நான்கு மைக் மாட்டக்கூடிய இன்டர்ஃபேஸுக்கும் மைக்குகளுக்கும். பணம் பற்றவில்லை என்றால் நல்ல கடையில் புதுப்பித்து விற்கும் ஆபீஸ் லேப்டாப்பைப் பாருங்கள், மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, டர்பன் ஜனவரி வெயிலில் ஜன்னலை மூடி மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பதிவீர்கள், லேப்டாப் சூடாகி அதன் ஃபேன் இரைய ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரையும் இன்டர்ஃபேஸையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு மைக் வயரைக் கதவுக்கு அடியில் கொண்டுபோங்கள். எக்ஸ்எல்ஆர் என்கிற அந்த மைக் வயர் 10 மீட்டர் போனாலும் சத்தம் கெடாது, யூஎஸ்பி வயர் 5 மீட்டரைத் தாண்டினால் தகராறு. சாட்ஸ்வொர்த் வீடுகளில் பாதிச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது, கூரையில் குரங்கு, விடியற்காலையில் ஹடீடா பறவைகளின் கத்தல் வேறு. இவற்றுக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் மருந்து கிடையாது. கனமான போர்வைகளும் சரியான நேரமும்தான் வழி.

கேள்வி: எங்கள் தெருக்கூத்துக் குழுவிடம் 2014-ல் வாங்கிய ஐ7 டெஸ்க்டாப் இருக்கிறது, விண்டோஸ் 10. இனி அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பையன் சொல்கிறான். உண்மையா?
(வாசகர், டோங்காட்)

பதில்: பையன் சொல்வது பாதி சரி ஐயா. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறை ப்ராசசரும் வேண்டும், 2014 மெஷின் அந்தப் பரீட்சையில் தேறாது. ஆனால் இன்டர்நெட்டில் மாட்டாமல் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், வேகமும் கூடும், உள்ளே 'கிர்ர்' சத்தமும் போகும். இன்டர்ஃபேஸின் டிரைவர் ஃபைலை ஒரு பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னாளில் கம்பெனிக்காரர்கள் விண்டோஸ் 10 டிரைவரைத் தளத்திலிருந்து எடுத்துவிடக்கூடும்.

கேள்வி: ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடினால் என் குரலே எனக்குக் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது, தாளம் தப்பிப்போகிறது. கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?
(வாசகி, லெனேஷியா)

பதில்: வேண்டாம் அக்கா, காசை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும், அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். அதே நேரத்தில் மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரண்டு குரலாகக் கேட்கும். பாடும்போது கொஞ்சம் ரிவெர்ப் இருந்தால்தான் வரும் என்கிறவர் நீங்கள் என்றால் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகவே கேளுங்கள், பஃபரை 64 அல்லது 128-க்கு இறக்கிப் பதியுங்கள், மிக்ஸ் பண்ணும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள். இன்டர்ஃபேஸ் கம்பெனி தந்த ஆசியோ (தாமதம் குறைந்த வகை) டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் ஒரு தடவை பாருங்கள். விண்டோஸின் சாதா டிரைவரில் இருந்தால் பஃபரை எவ்வளவு இறக்கினாலும் தாமதம் தீராது.

கேள்வி: மேக் மினி நல்லது என்கிறார்களே?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நல்லதுதான். மேக் மினி என்பது ஆப்பிளின் சின்ன டெஸ்க்டாப். 2024-ல் வந்த எம்4 சிப் போட்ட மேக் மினியில் அடிப்படை மாடலுக்கே 16 ஜிபி மெமரி, சத்தம் கிட்டத்தட்ட இல்லை, டிரைவர் தொல்லையும் குறைவு, கராஜ்பேண்ட் என்ற ரெக்கார்டிங் மென்பொருள் இலவசம். அடிப்படை மாடலின் 256 ஜிபி சீக்கிரம் நிரம்பும், அதற்கு ஆப்பிளிடம் கூடுதல் பணம் கொடுக்காமல் வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளலாம். மெமரியை மட்டும் பிறகு கூட்ட முடியாது. திரை, கீபோர்டு, மௌஸ் தனியாக வாங்க வேண்டும், பேட்டரி இல்லாததால் யூபிஎஸ் ஒன்றும் கட்டாயம். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரை மாட்டினால் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், கழற்றினால் போய்விடுகிறது. எர்த் முள்ளைப் பிடுங்கிவிட்டால் சரியாகும் என்று ஓர் எலக்ட்ரீஷியன் சொன்னார்.
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். அது உங்கள் உயிரைக் காப்பாற்ற வைத்திருக்கும் முள், மைக்கைத் தொடுகிற பாடகரின் உயிரையும் சேர்த்து. வெவ்வேறு ப்ளக்கில் மாட்டிய கருவிகளுக்கு நடுவே எர்த் வழியாகக் கரண்ட் சுற்றுவதால் 50 ஹெர்ட்ஸில் வரும் இரைச்சல் அது. லேப்டாப், ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே மல்டி-ப்ளக்கில் மாட்டிப் பாருங்கள், ஸ்பீக்கருக்குப் போகும் வயரை பேலன்ஸ்டு வயராக (வழியில் ஏறும் இரைச்சலைத் தள்ளிவிடும் வகை) மாற்றுங்கள். அப்படியும் போகவில்லையா, பதியும்போது மட்டும் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள்.

கேள்வி: காசு கொடுக்காமல் ஆரம்பிக்க எந்த மென்பொருள்?
(வாசகர், மியர்பேங்க்)

பதில்: விண்டோஸ் என்றால் ரீப்பர். 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள், பிடித்தால் வீட்டு உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர். பழைய கம்ப்யூட்டரிலும் லேசாக ஓடும், டோங்காட்காரருக்கும் இதையேதான் சொல்வேன்.