காது நார்மல், ஆனால் சொன்னது புரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் ‘ஆங்?’ என்கிறான். டிவி ஓடினால் சுத்தம், ஒன்றும் ஏறாது. காது டெஸ்ட் நார்மல். ஒரு தெரபி சென்டரில் ‘ஆடிட்டரி ப்ராசசிங்’ பிரச்சினை, ஹெட்போனில் இசை கேட்க வைத்தால் சரியாகும் என்று 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? பள்ளியை மாற்றலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது கட்டாதீர்கள் அம்மா.

மகனுக்கு எடுத்தது, சத்தமில்லாத அறையில் ‘பீப்’ ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ஃபேன் சத்தம், பக்கத்துப் பையன்களின் பேச்சு இவற்றுக்கு நடுவே டீச்சர் குரலை மூளை பிரித்தெடுக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. மூளை இப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வதைத்தான் ‘ஆடிட்டரி ப்ராசசிங்’ என்கிறார்கள். அதற்குத் தனி டெஸ்டுகள் உண்டு. இரைச்சலுக்கு நடுவில் வரும் சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் வெவ்வேறு எண்களைக் கேட்டுச் சொல்ல வேண்டும். 7 வயதுக்குள் எடுத்தால் முடிவை நம்ப முடியாது. உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். ஆடியாலஜி (செவித்திறன்) துறை உள்ள மருத்துவக் கல்லூரியிலோ, மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலோ விசாரியுங்கள். டெஸ்ட் தமிழில் நடக்க வேண்டும். ஆங்கிலச் சொல் தெரியாமல் விழிக்கும் பிள்ளையைக் காதுப் பிரச்சினை என்று முத்திரை குத்திவிடக் கூடாது.

கவனக் குறைபாடும் வெளியே பார்க்க இப்படித்தான் இருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்றால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று ஈஎன்டி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, அந்த இசை? ஹெட்போனில் வடிகட்டிய இசையைக் கேட்க வைக்கும் முறைகளில் ஒன்றான ‘ஆடிட்டரி இன்டக்ரேஷன் ட்ரெய்னிங்’, அறிவியல் அளவுகோல்களை எட்டவில்லை என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2004-லேயே சொல்லிவிட்டது. எந்தத் திறன் பலவீனமோ, பயிற்சியும் அதில்தான் இருக்க வேண்டும். இரண்டு காதையும் சேர்த்துக் கேட்பதில் குறை என்றால், நன்றாகக் கேட்கும் காதின் ஒலியைக் குறைத்து வைத்துப் படிப்படியாக ஏற்றும் பயிற்சி உண்டு. அதை ஆடியாலஜிஸ்ட்தான் செய்ய வேண்டும். யூடியூப் பார்த்து முயல வேண்டாம்.

வீட்டிலும் செய்ய வேலை இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் போதும். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ‘தட்டு, கட்டு, பட்டு’ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும். (மழை, மலை வேண்டாம். நம்மில் பாதிப் பேர் ழகரத்தைச் சரியாகச் சொல்வதில்லை, பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?) முதலில் அமைதியான அறையில். பத்துக்கு எட்டு, ஒன்பது சரியாக வந்தால் ஃபேனைப் போடுங்கள், அப்புறம் ரேடியோவை மெல்ல வையுங்கள். தடுமாறினால் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். பாட்டி ஒரு கதை சொல்லி நடுவில் நிறுத்தி ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பதும் நல்ல பயிற்சிதான். ‘பையை எடு, டிபன் பாக்ஸைக் கழுவு, கதவைச் சாத்து’ என்று மூன்று வேலையை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அவன் செய்த பிறகு அடுத்தது.

பயிற்சி பலன் தர மாதங்கள் ஆகலாம். பள்ளியில் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு: முன்வரிசை, ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் தள்ளி ஓர் இடம், வீட்டுப்பாடத்தை வாயால் சொல்வதோடு போர்டிலும் எழுதுவது. டீச்சர் மைக்கில் பேச, பிள்ளையின் காதில் நேராகக் கேட்கும் கருவியும் இருக்கிறது. விலை அதிகம், டெஸ்ட் முடிவு வந்த பிறகு யோசிக்கலாம்.

பள்ளியை மாற்ற வேண்டுமா என்றால், டீச்சர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிறாரா என்று ஒரு பருவம் பாருங்கள். முடியவே முடியாது என்று சொன்னால், பிள்ளைகள் குறைவாக உள்ள வகுப்பாகத் தேடுங்கள்.