மனைவியை இழந்தவரை விரும்புகிறேன். அவர் மகள் என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் விலகிவிடுவதா?

அவர் மனைவி இறந்து இரண்டு வருடம், மகளுக்கு 8 வயது, சின்ன ஊர், உங்கள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருந்தவள். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என் அம்மா போனபோது எனக்கு வயது 7. சில வாரங்கள் கழித்து அப்பா அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது நூலகப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அம்மா கடைசியாக எடுத்துவந்த நாவல். 112ஆம் பக்கத்தின் முனையை மடித்து வைத்திருந்தாள். தவணை தாண்டிவிட்டதே, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அப்பா கிளம்பினார். அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அம்மா வந்தால் எந்த இடத்தில் விட்டோம் என்று தேடுவாளே! செத்தவர்கள் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏழு வயதில் இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டை போடாமல் இருக்கும்.

புத்தகம் தொலைந்துவிட்டது, விலையைக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லத்தான் அப்பா நூலகத்துக்குப் போனார். அங்கே புதிதாக வந்திருந்த பெண் நூலகர் பேரேட்டில் அம்மாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "நிஜமாவே தொலைஞ்சுடுச்சா சார், இல்ல பாப்பா தரமாட்டேங்குறாளா?" என்று கேட்டிருக்கிறார். சின்ன ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று புதிதாக வந்தவருக்கும் பத்து நாளில் தெரிந்துவிடும். அப்பா பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. அவரே, "தொலைஞ்சதுன்னு எழுத வேணாம். புதுப்பிச்சுக்கலாம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் அடுத்த தேதியை முத்திரை குத்திக் கொடுத்தார்.

அன்றிலிருந்து 14 நாளைக்கு ஒருமுறை அப்பா போய்ச் சீட்டு வாங்கி வருவார். நான் அதை 112ஆம் பக்கத்தில் செருகுவேன். வருடத்துக்கு 26 சீட்டு. அப்பாவுக்கு அதுவரை செய்தித்தாளைத் தாண்டி எதையும் படித்த பழக்கம் கிடையாது. ஆறாவது மாதம் அவரும் உறுப்பினராகிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதற்குப் பிறகுதான் கெட்டுப்போனது. "லைப்ரரி ஆன்ட்டிதான் உனக்குப் புது அம்மாவா வரப்போறாங்களாமே" என்று என்னோடு படித்த ஒருத்தி, கைகழுவ வரிசையில் நிற்கும்போது சொன்னாள். அப்போது எனக்கு 9 வயது. வீட்டுக்கு வந்து சீட்டு அத்தனையையும் கிழித்தேன். இத்தனை நாளும் அந்த முத்திரை எனக்காகக் குத்தப்பட்டது என்று நினைத்திருந்தேன். அப்பாவை வரவழைக்கத்தான் போலிருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. அதன் பிறகு லைப்ரரி ஆன்ட்டி வீட்டுக்கு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எனவே உங்களிடம் என் முதல் கேள்வி உங்களைப் பற்றியதே இல்லை. அந்தக் குழந்தைக்கு இதை யார் சொன்னார்கள்? அவள் அப்பாவா, தெருவா? சின்ன ஊரில் காதலை மறைத்து வைக்க முடியாது. ஊருக்கு முன்னால் மகளிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும். என் அப்பா தவறியது அந்த ஓர் இடத்தில். ஆனால் அவர் மழுப்பவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார். பெரியவர்களுக்கும் பயம் வரும் என்பதே எனக்கு அன்று புதிய செய்தி.

ஆன்ட்டி மூன்று மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. சீட்டு மட்டும் நிற்காமல் வந்தது. தேதி முத்திரையைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. 'என்னை மன்னித்துவிடு' என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் அதையும் கிழித்திருப்பேன். வெறும் தேதியைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற்பாடு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்ட் குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டு 1948இல் எழுதியிருக்கிறார். மரணம் எல்லோருக்கும் வரும், வந்தால் மீட்சியில்லை என்பது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 9 வயதை ஒட்டித்தான் தெளிவாகிறது என்கிறார். உங்கள் வீட்டுக் கணக்கில் இதன் பொருள்: இரண்டு வருடம் முன்பு இறந்த அம்மா, அந்தக் குழந்தைக்கு இப்போதுதான் முழுதாக இறந்துகொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். "ஆரம்பத்துல நல்லாத்தானே இருந்தா, இவங்க வந்ததும்தான் கெட்டுப்போனா" என்று ஊர் சொல்லும். அதில் பாதிப் பழி உங்களுடையது இல்லை.

ஃபில்லிஸ் சில்வர்மன், வில்லியம் வொர்டன் இருவரும் ஹார்வர்டில் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. தாயையோ தந்தையையோ இழந்த, 6 முதல் 17 வயதுக்குட்பட்ட 125 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இறந்து நான்கு மாதத்தில் கேட்டபோது, இறந்தவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பெரும்பாலானோர் உணர்ந்திருக்கிறார்கள். பாதிக்கும் மேல் அவர்களோடு பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் பல் துலக்கும்போது பேசுவேன். உங்களைப் பார்த்து அவள் சிரித்துவிட்டால், மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வாள்? அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பெரும்பாலும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பத்து நிமிடம் அழுதுவிட்டு உடனே விளையாட ஓடுவாள். 'சரியாகிவிட்டாள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடிக்கிறாள் என்றும் சொல்லாதீர்கள். இழப்புக்குள் போவதும் அன்றாடத்துக்குத் திரும்புவதுமாக மாறிமாறி அலைவதுதான் துக்கத்தின் இயல்பு என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். பெரியவர்களுக்கும் அப்படியே. அவள் அப்பா ஒருநாள் உங்களோடு சிரித்துப் பேசிவிட்டு மறுநாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், அதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன். அம்மா செய்த வேலையைக் கையில் எடுக்காதீர்கள். அம்மா போனபின் அப்பாதான் எனக்குத் தலை பின்னுவார். மதியத்துக்குள் அவிழ்ந்து தொங்கும். "நான் பின்னிவிடட்டுமா?" என்று ஆன்ட்டி ஒருநாள் கேட்டார். தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜன்னல் கம்பியில் மூன்று துணிக் கயிற்றைக் கட்டி, அப்பாவை உட்காரவைத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தார். "இறுக்கிப் பிடிங்க. ஓரத்துல இருக்கறத நடுவுல கொண்டாங்க. ஐயோ, அது இல்ல." அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த வாரத்திலிருந்து என் சடை சாயங்காலம் வரை நின்றது. பின்னியவர் அப்பாதான். ஆன்ட்டிக்கு அதில் ஒரு பெருமையும் வந்து சேரவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த இறுக்கம் முதலில் தளர்ந்தது அன்றைக்குத்தான்.

படங்களை இடம் மாற்றாதீர்கள். 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லாதீர்கள். வேறு யாராவது சொன்னாலும் அவள் எதிரிலேயே மறுத்துவிடுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள். அவள் தூங்காமல், படிக்காமல், ஒதுங்கியே மாதக்கணக்கில் இருந்தாலோ, தானும் அம்மாவிடம் போகிறேன் என்று சொன்னாலோ, குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அதைக் காலத்திடம் விட்டு வைக்கக் கூடாது.

மறுமணத்தால் உருவாகும் குடும்பங்களைப் பற்றி நெடுங்காலம் எழுதிவரும் பேட்ரீசியா பேப்பர்நவ், இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றுகூடி வர வருடக்கணக்காகும் என்கிறார். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. எனக்குப் 11 வயது இருக்கும்போது, நானே நூலகத்துக்குப் போய் மேசைமுன் நின்று, "112க்கு அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டேன். ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியணுமா, அம்மாகிட்டச் சொல்லணுமா?"

"ரெண்டும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து சத்தமாக வாசித்தார். மடிப்பை நிமிர்த்தாமலே பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது நாளில் முடிந்தது. முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அம்மாவுக்கும் பிடித்திருக்காது என்றேன். "எனக்கும்தான்" என்றார். அவர்கள் திருமணம் அதற்கடுத்த வருடம். நான் இன்றைக்கும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் வேலை மாறிப் போகும்போது புத்தகத்தின் விலையைத் தன் கையிலிருந்து கட்டிக் கணக்கை முடித்தார். புத்தகம் என்னிடம் இருக்கிறது.

விலகுவதா என்று கேட்டீர்கள். குழந்தைக்காக என்றால் வேண்டாம். ஆனால் அவருக்கு வேண்டியது நீங்களா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால், அவள் உங்களிடம் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே விலகிவிடுங்கள். ஒருமுறை இழந்த பிள்ளை. சந்தேகம் இல்லையென்றால், மகளிடம் உங்களைப் பற்றி எந்த வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார் என்று அவரிடம் இன்றே கேளுங்கள். "இன்னும் சொல்லல, சின்னப் பிள்ளைதானே" என்று சொன்னால், கதவு எதற்குச் சாத்தியிருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.