பிள்ளைகளுக்கு 30 நாள் விசா, வெள்ளவத்தையில் நிற்கப்போவது 6 கிழமை

பிள்ளைகளோடு வந்து கொழும்பு வெள்ளவத்தையில் அம்மம்மா வீட்டில் 6 கிழமை நிற்கப்போகிறீர்கள், பிள்ளைகளுக்கு மட்டும் 30 நாள் விசாதான் கிடைத்தது, பயணச்சீட்டை மாற்றவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். கொழும்பில் இருந்தபடியே விசாவை நீட்டிக்கலாம்.

உங்களுக்குச் சிக்கல் இல்லாமல் பிள்ளைகளுக்கு மட்டும் 30 நாள் கிடைத்ததற்குக் காரணம், அவர்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவோடு வந்ததாகத்தான் இருக்கும். உங்களுடைய இரட்டைக் குடியுரிமை பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் கடவுச்சீட்டு முத்திரையைப் பாருங்கள். விண்ணப்பித்த நாள் கணக்கில்லை, வந்து இறங்கிய நாள்தான் கணக்கு. அந்த 30 நாள் முடிய ஒரு கிழமைக்கு முன்னரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தங்கும் இடமாக அம்மம்மா வீட்டு முகவரியைக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம். நாள் தவறினால் தண்டப்பணம் கேட்பார்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், உறவினர் போனமுறை கட்டிய தொகையை நம்பாமல் திணைக்களத்திலேயே சரிபாருங்கள்.