கோட்டுக்குப் போகாமல் விட்ட ரிக்கெற்: தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீர் எழுதினதை நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணம் கோண்டாவில் வீட்டு விறாந்தையில இருந்து வாசிச்சனான். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து ரெண்டு கிழமையாகுது, தேர் முடியத்தான் திரும்புவன். நீர் கேட்டது இதுதான். கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோவுக்கு வந்து பத்து மாதம், அகதி வழக்கும் நடக்குது. சிவப்பு விளக்கில நிக்காமல் போனதெண்டு பொலிஸ் 325 டொலருக்கு ரிக்கெற் எழுதினது. மஞ்சளாக இருக்கேக்கைதான் போனனான் எண்டு நீர் விசாரணை கேட்டனீர். இடையில வீடு மாறிப்போட்டீர். கோட் திகதி போட்ட கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பேந்து குற்றவாளி எண்டு தீர்த்துத் தண்டம் கட்டச் சொன்ன கடிதமும் அங்கயே போய், ரெண்டும் ஒண்டாத்தான் உம்மட கையில கிடைச்சது. மேன்முறையீடு செய்யலாமோ, இன்சூரன்ஸ் ஏறுமோ, காரை லீசில எடுக்கலாமோ, மலிவா வாடகைக்கு பேஸ்மென்ற் (நிலத்துக்குக் கீழ இருக்கிற வீடு) எங்க கிடைக்கும்?

பேஸ்மென்றையும் லீசையும் உம்மோட வேலை செய்யிற பெடியளிட்டைக் கேளும், இண்டைய விலைவாசி அவைக்குத்தான் தெரியும். தீர்ப்பு நிண்டால் இன்சூரன்ஸ் ஏறக்கூடும், லைசென்ஸ் பதிவில 3 டிமெரிற் புள்ளியும் (குற்றப் புள்ளி) விழும். அதுக்கு மேல அதில கதைக்க ஒண்டுமில்லை. கோட்டைப் பற்றித்தான் நான் உமக்குச் சொல்லவேணும். அதில நான் பட்டனான்.

முந்தநாள் காலமை மருமோனோட மோட்டச்சைக்கிளில ரவுணுக்குப் போகேக்கை, சந்தியில பொலிஸ் மறிச்சது. வெள்ளைக்கோட்டைத் தாண்டினதாம். லைசென்ஸை வாங்கி வைச்சுக்கொண்டு துண்டொண்டை எழுதிக் குடுத்தார். உமக்குத் தெரிஞ்ச கதைதானே, 14 நாளுக்குள்ள தபால் கந்தோரில தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். பிந்தினால் ரெட்டிப்பு, அதுக்கும் பிந்தினால் கோட். மருமோன் சாப்பிடக்கூட இல்லை, நேர தபால் கந்தோருக்குப் போட்டான். லைசென்ஸ் கையில இல்லாட்டி அவனுக்கு நித்திரை வராது.

நீர் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில பொலிஸ்காரர் ரிக்கெற்றையும் தந்து, லைசென்ஸையும் திருப்பித் தந்து, கவனமாப் போ எண்டு மரியாதையா அனுப்பிவிடுவார். எங்கட ஊர்ப் பிள்ளையள் தடுக்கி விழுற இடம் அதுதான். லைசென்ஸ் பொக்கற்றுக்குள்ள கிடக்கு, அப்ப பெரிசா ஒண்டும் நடக்கேல்லை எண்டு மனம் சொல்லும். ரிக்கெற் காரின்ர சின்னப் பெட்டிக்குள்ள போகும். ஆனால் ரிக்கெற் தந்த நாளில இருந்து 15 நாளுக்குள்ள கட்டுறதோ, அரசதரப்பு வழக்காளியோட கதைக்கிறதோ, விசாரணை கேக்கிறதோ எண்டு நீர் முடிவு சொல்லவேணும். நீர் அதைச் செய்திருக்கிறீர், கெட்டிக்காரத்தனம். கன பேர் அதுவும் செய்யிறேல்லை.

இப்ப, மேன்முறையீடு எண்ட சொல்லைக் கொஞ்சநேரம் விடும். நீர் இல்லாமலே தீர்த்த வழக்கு இது. அதுக்கு முதல் வழி, வழக்கைத் திருப்பித் திறக்கச் சொல்லிக் கேக்கிறது. உம்மைக் குற்றவாளியாக்கினது உமக்குத் தெரியவந்த நாளில இருந்து 15 நாளுக்குள்ள, ரிக்கெற்றில பேர் போட்டிருக்கிற கோட் கந்தோருக்கு நீர் விண்ணப்பமும் சத்தியக் கடதாசியும் குடுக்கவேணும். அதைச் சமாதான நீதவான் ஒராள் பார்ப்பார். எங்கட ஊரில ஜே.பி. எண்டால் கடதாசிக்கு ஒப்பமும் முத்திரையும் வைக்கிற பெரியவர். ஒன்ராறியோவில அந்தப் பேரில இருக்கிறவைதான் இந்த வழக்குகளை இருந்து விசாரிக்கினம். அவர் பாக்கிறது ரெண்டே ரெண்டுதான்: உம்மில பிழையில்லாமல் வரமுடியாமல் போச்சுதோ, இல்லாட்டிக் கடிதம் உம்மட கைக்கு வந்து சேராமல் விட்டுதோ. அவருக்குத் திருப்தியெண்டால் தீர்ப்பை அழிச்சுப் புதுத் திகதி தருவினம். விளக்கு சிவப்போ மஞ்சளோ எண்ட கதை அங்க வேண்டாம், அதை விசாரணைக்கு வைச்சிரும்.

மேன்முறையீடு அதுக்குப் பிறகு வாறது. தீர்ப்பு நடந்து 30 நாளுக்குள்ள போடவேணும். முதல்ல தண்டம் முழுக்கக் கட்டியிருக்கவேணும், வசதியில்லாட்டி நீதிபதியிட்டை அனுமதி கேக்கவேணும். அதைப் போட்டவுடன தீர்ப்பு தன்ரபாட்டில நிண்டுவிடாது. அங்க பெரிய நீதிபதி, கீழ நடந்ததில பிழை இருக்கோ எண்டு பார்ப்பார், உம்மட கதையை முதலில இருந்து கேக்கமாட்டார். ரெண்டு காலமும் தவறினால் நீடிக்கச் சொல்லிக் கேக்கலாம். ஆனால் ஏன் பிந்தினது எண்டு நாள்நாளாக் கணக்குச் சொல்லவேண்டி வரும். ஆனபடியால் 15 நாளைப் பிடியும்.

நீர் எழுதினதில ஒரு வரி என்னை நித்திரை கொள்ள விடேல்லை. சிநேகிதப் பெடியன் ஒருத்தன், "சுகமில்லாமல் கிடந்தனான் எண்டு சொல்லு, டொக்டர் துண்டு நான் எடுத்துத் தாறன்" எண்டு சொன்னதா எழுதியிருக்கிறீர். தம்பி, அதை மட்டும் செய்யாதேயும். சத்தியக் கடதாசியில பொய் எழுதினால் அது ரிக்கெற் விஷயமில்லை, குற்றவியல் விஷயம். சிவப்பு விளக்கு ரிக்கெற் மாகாணச் சட்டத்தில வாறது, அதால மட்டும் உம்மட அகதி வழக்குக் கெட்டுப்போகாது. பொய்ச் சத்தியம் அப்பிடியில்லை. வாழ்க்கை முழுக்க உம்மட வாய்ச்சொல்லை நம்பச் சொல்லிக் கேக்கப்போற நாட்டில, 325 டொலருக்காக அந்தச் சொல்லை வித்துப்போடாதேயும். உப்பிடி யோசனை சொல்லுறவன் கையெழுத்துப் போடவோ கோட்டில நிக்கவோ வரமாட்டான்.

உம்மட உண்மையே காணும். பழைய வீட்டுக்காரர் "தம்பி, உங்கட கடிதங்கள் ரெண்டு கிடக்கு" எண்டு வட்ஸ்அப்பில அனுப்பினதாச் சொன்னீர். அந்த மெசேஜை அழிச்சுப்போடாதேயும். திகதியும் நேரமும் தெரியிறமாதிரிப் படம் பிடிச்சு அச்செடும். கடித உறையளையும் எறியாதேயும், தபால் முத்திரை அதிலதான் இருக்கு. புது வீட்டுக்கு வாடகை குடுத்த கணக்கையும் சேரும். ஆனால் ஒண்டு: அந்த மெசேஜ் உமக்குச் சாட்சியெண்டால், 15 நாள் எப்ப தொடங்கினதெண்டும் அதேதான் சொல்லும். கடிதம் உடைச்ச நாள் ஞாயிற்றுக்கிழமை எண்டால், ஞாயிற்றுக்கிழமை எண்டே எழுதும்.

இன்னொண்டையும் அந்தச் சமாதான நீதவான் கேப்பார். வீடு மாறினால் 6 நாளுக்குள்ள லைசென்ஸ் விலாசத்தை மாத்தவேணும் எண்டு அங்க சட்டம். நீர் மாத்தேல்லை. அதை மறைக்காமல் சொல்லும். வந்து பத்து மாதத்தில மூண்டு பேஸ்மென்ற் மாறினனான், இந்தச் சட்டம் தெரியாது, தெரிஞ்சவுடன மாத்திப்போட்டன் எண்டு சொல்லும். "மாத்திப்போட்டன்" எண்டது உண்மையா இருக்கவேணும் எண்டால், இண்டைக்கே மாத்தும். இதை அவர் ஏற்காமலும் விடலாம், அது அவற்ற முடிவு.

ஆக்களைப் பற்றியும் ஒரு சொல். எங்கட சனத்துக்கை "ரிக்கெற் உடைச்சுத் தாறன்" எண்டு திரியிறவை கன பேர். 2003 அளவில என்ர மனுசியின்ர தம்பியிட்டை ஒருத்தர் 400 டொலர் காசா வாங்கினவர், பற்றுச்சீட்டும் இல்லை. விசாரணை அண்டைக்கு ஆளைக் காணேல்லை, ரெலிபோனும் எடுக்கேல்லை. எங்கட ஊர்க்காரன், என்ர பள்ளிக்கூடத்தில படிச்சவன், அந்த நோதான் எனக்கு இன்னும் போகேல்லை. 2007 இல இருந்து பராலீகல் (சட்டத்தரணி இல்லாமல், இப்பிடிச் சின்ன வழக்குகளில ஆக்களுக்காகக் கோட்டில கதைக்கிறவை) எண்டு வேலை செய்யிறவைக்கு ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின்ர உரிமம் வேணும், சங்கத்தின்ர பட்டியலில பேரைத் தேடிப் பார்க்கலாம். நேர்மையா வேலை செய்யிற பிள்ளையளும் எங்களுக்குள்ள கன பேர் இருக்கினம், பேர் இருந்தால் போம். பேர் இல்லாட்டி, மாமன் மச்சான் எண்டாலும் ஒரு சதமும் குடாதேயும்.

என்ர கதைக்கு வாறன். நான் 1988 கடைசியில வெளிக்கிட்டு, அடுத்த வருஷம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தனான். அப்ப எங்கட ஆக்கள் வெலஸ்லி, பாலிமென்ற் வீதிப் பக்கத்து மாடிக் கட்டடங்களிலதான். ரெண்டு அறைக்குள்ள எட்டுப் பேர் இருந்தம். இரவில சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவுறது, பகலில நித்திரை. 700 டொலருக்கு ஒரு பழைய கொறொல்லா வாங்கினன், கதவொண்டு உள்ளுக்கால திறக்காது. 1990 மார்கழியில, விடியப்புறம் வேலை முடிஞ்சு வரேக்கை, நிக்கச் சொன்ன பலகையில நிக்கேல்லை எண்டு ரிக்கெற் எழுதினது. பலகை முழுக்கப் பனி அப்பிக் கிடந்தது, ஒரு எழுத்தும் தெரியாது.

பொலிஸ்காரர் கார்க் கண்ணாடியில தட்டேக்கை எனக்குக் கையெல்லாம் நடுங்கினது. கோண்டாவிலில இருந்து ரவுணுக்குப் போக எத்தினை சென்றி (சோதனைச் சாவடி), எத்தினை தரம் சைக்கிளால இறங்கி ஐசி (அடையாள அட்டை) நீட்டினனான். சீருடையோட கதைக்கிற பழக்கமே இல்லை, கேட்டதைக் குடுத்துப்போட்டு உயிரோட வீட்டை வாறதுதான் பழக்கம். அவர் "சேர்" எண்டு கூப்பிட்டது எனக்கு விளங்கவே கனநேரம் எடுத்தது.

விசாரணை கேக்கச் சொன்னது வீட்டில இருந்த உரும்பிராய் அண்ணை. கோட் திகதி போட்ட கடிதம் வந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, வீட்டில இங்கிலிஷ் தெரிஞ்ச பெடியன் வாசிச்சு, குசினிச் சுவரில தொங்கின முருகன் கலண்டரின்ர ஓரத்தில நீலப் பேனையால "5/3 கோட் 9 மணி" எண்டு எழுதிவிட்டவன். நான் மார்ச் 5 விடியவே வெளிக்கிட்டு, இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் நிண்டனான். பட்டியலில உன்ர பேர் இல்லை எண்டு சொல்லிச்சினம். பொலிஸ்காரர் வரேல்லை, வழக்கு விட்டுப்போச்சு எண்டு நினைச்சு, வாற வழியில பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு வந்தனான். அந்தப் பெடியன் அங்கத்தைய முறையில மாதத்தை முன்னுக்கு எழுதிப்போட்டான். திகதி மே 3. அண்டைக்கு நான் கட்டிலில நல்ல நித்திரை.

தண்டக் கடிதம் ஆனியில வந்தது. அண்ணைதான் பிடிச்சு இழுத்துக்கொண்டு கோட் கந்தோருக்குப் போனவர், அவருக்கு 15 நாள் கணக்குத் தெரியும். நான் கலண்டர் தாளைக் கிழிச்சு மடிச்சுக் கொண்டுபோனனான். உள்ளுக்கை வயசுபோன ஒரு சமாதான நீதவான் இருந்தவர். அந்தத் தாளை விரிச்சு, கண்ணாடியைக் கழட்டி, முருகன் படத்தைப் பார்த்து, அந்த 5/3 ஐப் பார்த்து, "உங்கட நாட்டில எது முன்னுக்கு எழுதுறது?" எண்டு கேட்டார். நாள் எண்டு சொன்னன். "மார்ச் 5 இஞ்ச வந்தனியோ?" ஓம். தீர்ப்பை அழிச்சுப்போட்டார்.

பேந்து விசாரணையில காசில்லாமல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போட்டவை, ஒரு அக்கா. உமக்கும் அது கிடைக்கும், விண்ணப்பத்தில முன்கூட்டியே கேளும், ஆங்கிலம் தெரியும் எண்டு வீரம் காட்டாதேயும். பொலிஸ்காரர் கொப்பியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்கள், நீ என்ன சொல்லுறாய் எண்டு. எனக்கு 24 வயசு. சீருடைக்காரர் ஒருவர் பக்கத்தில நிக்க, அவர் சொன்னது சரியில்லை எண்டு நான் சொல்ல, ஆரும் என்னை அடிக்கேல்லை. கடைசியில குற்றம்தான் எண்டு தீர்த்துத் தண்டத்தைக் குறைச்சினம். அந்தக் காசை நான் சந்தோஷமாக் கட்டினனான். அதுக்குப் பிறகு லொறி ஓட்டி கனடா முழுக்கத் திரிஞ்சிட்டன், இண்டைக்கு வரைக்கும் என்ர பதிவில கறையில்லை.

ஒண்டை மறந்துபோனன். கடிதத்தை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இருந்தால், தண்டம் கட்டேல்லை எண்டு லைசென்ஸை நிப்பாட்டுவினம், அந்தக் கடிதமும் பழைய வீட்டுக்குத்தான் போகும். நிப்பாட்டின லைசென்ஸோட ஓடிப் பிடிபட்டால் முதல் தரமே 1,000 டொலரில இருந்து 5,000 வரைக்கும் தண்டம். எங்களோட இருந்த எட்டுப் பேரில ரெண்டு பேர் அப்பிடித்தான் வேலையை இழந்தவை. புதுத் திகதி கிடைச்சால், நேரிலயோ சூமிலயோ எண்டு அறிவித்தலில வடிவாப் பாரும். இப்ப கன வழக்கு சூமிலதான். இரவு வேலையெண்டால் அண்டைக்கு லீவு எடும்.

மருமோன் லைசென்ஸோட வந்திட்டான், கோயிலுக்குக் கூப்பிடுறான். கடிதம் உம்மட கையில கிடைச்ச திகதியையும், தீர்ப்பு நடந்த திகதியையும் இண்டைக்கே எனக்கு எழுதி அனுப்பும், எத்தினை நாள் மிச்சமெண்டு எண்ணிப் பார்ப்பம். மாதத்தை இலக்கத்தில போடாதேயும், எழுத்தில எழுதும்.