ஆட்களுக்கும் அறைகளுக்கும் தனித்தனி அட்டவணை வைத்தால் ஏன் மோதுகிறது?

கேள்வி இதுதான்: 4 சிகிச்சை அறைகள், 6 சிகிச்சையாளர்கள். இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது, ஆனாலும் தினமும் குளறுபடி. ஏன்?

தனித்தனியாக இருப்பதால்தான். ஒரு சந்திப்பு என்பது ஆள் (அதாவது சிகிச்சையாளர்), அறை, நேரம் மூன்றும் சேர்ந்த ஒரே பதிவு. மூன்றும் ஒன்றாக உறுதியாக வேண்டும்; ஒன்று கிடைக்காவிட்டால் எதுவும் பதிவாகக் கூடாது. "ஆளைப் போட்டுவிடுவோம், அறையை அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால், கடைசியில் யாரோ ஒருவர் வராந்தாவில்தான் நிற்பார்.

மோதலைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் சந்திப்பு முடிவதற்குள் இரண்டாவது தொடங்கி, இரண்டாவது முடிவதற்குள் முதலாவதும் தொடங்கியிருந்தால், மோதல். 10 மணிக்கு முடிவதும் 10 மணிக்குத் தொடங்குவதும் மோதல் அல்ல. சொந்தமாக மென்பொருள் எழுதுகிறீர்கள் என்றால் இந்தச் சோதனையைத் தரவுத்தளத்திடமே விடுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளில் 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே அதற்கு வசதி உண்டு. ஆளுக்கு ஒரு விதி, அறைக்கு ஒரு விதி என இரண்டு வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. ஆளும் அறையும் ஒரே நேரத்தில் விடுபடுவதில்லை. 45 நிமிட சிகிச்சைக்குப் பின் அறையைச் சுத்தம் செய்ய 10 நிமிடம் என்றால், அறைக்கு 55 நிமிடம், ஆளுக்கு 45தான். சிகிச்சையாளர் குறிப்பெழுதும் நேரமோ அறைக்குச் சேராது. ஆகவே இரண்டுக்கும் தனி நீளம் கொடுங்கள்.

எதை முதலில் ஒதுக்குவது? பற்றாக்குறை எதுவோ அதை. உங்களுக்கு அது அறை. சிறப்புக் கருவி உள்ள அறையைச் சாதாரண வேலைக்குக் கடைசியாகத்தான் தர வேண்டும்.