பிரிட்ஜ் சீட்டாட்டம் நன்றாக ஆடுவேன், எக்ஸ்பர்ட் இல்லை: அமெரிக்காவில் எந்தப் போட்டிக்குப் போகலாம்?

கிளப்பில் அடிக்கடி முதலிடம் வருகிறது, பெரிய போட்டியில் எக்ஸ்பர்ட்களிடம் மாட்டிக்கொள்ளவும் தயக்கம், ஆனால் ஆட்டம் இன்னும் மேலே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: கிராண்ட் நேஷனல் டீம்ஸ் என்ற அணிப் போட்டி, அதில் ஃபிளைட் பி என்ற பிரிவு. போட்டிகளில் ஆடிச் சேர்க்கும் மாஸ்டர் பாயிண்ட் 2500-க்குக் கீழே உள்ளவர்களுக்கானது. 500-க்கும் கீழே, லைஃப் மாஸ்டர் பட்டமும் வாங்கவில்லை என்றால் ஃபிளைட் சி.

ஜோடியாக ஆடும் கோல்டு ரஷ் பேர்ஸுக்கும் போகச் சொல்வார்கள். அதற்கு வரம்பு 750 மாஸ்டர் பாயிண்ட். லைஃப் மாஸ்டர் ஆகத் தேவையான கோல்டு பாயிண்ட் அங்கே கிடைக்கும், போய் ஆடுங்கள். ஆனால் பேர்ஸில் ரெண்டு மூணு போர்டு (ஒரு முறை பிரித்த கார்டுகள்) ஆடியதும் மேசை மாறிவிடும். டீம்ஸில் அதே நாலு பேரோடு மணிக்கணக்கில் மோத வேண்டும். உங்கள் ஆட்டத்தின் ஓட்டை வெளியே தெரிவது அங்கேதான்.

என் முதல் டீம் மேட்சில் நடந்ததைச் சொல்கிறேன். வல்னரபிள், அதாவது ஜெயித்தாலும் தோற்றாலும் பாயிண்ட் அதிகம். நான் 3 நோ டிரம்ப் டிக்ளரர்: துருப்பு இல்லாமல் 13 ட்ரிக்கில் (சுற்றில்) ஒன்பதை எடுக்க வேண்டும். ஸ்பேட் லீட். கையில் கிங்கும் ஒரு சின்னக் கார்டும், டம்மியில் (மேசையில் விரித்து வைத்த பார்ட்னரின் கார்டுகளில்) ரெண்டு சின்னது. முதல் சுற்றிலேயே கிங்கை எடுத்துவிட்டேன். இனி லீட் அவர்கள் கைக்குப் போனால் நாலு ஸ்பேட் ட்ரிக் போய்விடும். எண்ணிப் பார்த்தேன்: எடுத்த ஸ்பேட் கிங், டைமண்டில் அஞ்சு, ஹார்ட்டில் ரெண்டு, கிளப் ஏஸ். ஒன்பது இருக்கிறது. ஆனால் டம்மியில் கிளப் ஏஸும் குயினும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. பேர்ஸில் ஒரு ட்ரிக் கூட எடுத்து 600-க்குப் பதில் 630 வாங்கினால் எத்தனையோ ஜோடிகளைத் தாண்டிவிடலாம். கை அந்தப் பழக்கத்தில் தானாகப் போய்விட்டது. கிங் இடதுபக்கம் இருக்கும் என்று நம்பி குயினைப் போடும் ஃபினெஸ் எடுத்தேன். வலதுபக்கக்காரர் கிங்கை வைத்தார், ஸ்பேடைத் திருப்பினார். ஒன்று டவுன், அதாவது ஒரு ட்ரிக் குறைந்துவிட்டது.

எங்கள் டீமின் மற்ற ஜோடி ஆடிய இன்னொரு மேசையில் அதே கார்டுகளை வைத்து எதிரணிக்காரர் ஒன்பது ட்ரிக்கை எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். அவர்களுக்கு 600, எங்களுக்கு மைனஸ் 100. வித்தியாசம் 700, அதாவது 12 இம்ப் (டீம்ஸில் ஸ்கோர் வித்தியாசத்தை மாற்றிக் கணக்கிடும் பாயிண்ட்). அந்த ஃபினெஸ் பலித்திருந்தால் கிடைத்திருப்பது 1 இம்ப்! ஸ்கோர் ஒப்பிடும்போது என் டீம்மேட் "மைனஸ் 600" என்று சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்த அந்த ரெண்டு நொடி இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு டீம்ஸில் ட்ரிக்கை எண்ணி முடிக்காமல் ரெண்டாவது கார்டைத் தொட்டதில்லை.

ஏலத்திலும் இதே கணக்குதான். வல்னரபிளாக இருக்கும்போது கேம் (3 நோ டிரம்ப் போல போனஸ் தரும் ஏலம்) கேட்டு ஜெயித்தால் 10 இம்ப் லாபம், ஒன்று டவுன் ஆனால் 6 இம்ப் நஷ்டம். நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தாலே கேளுங்கள். பேர்ஸில் இவ்வளவு துணிய வேண்டியதில்லை.

எதிராளியின் மாஸ்டர் பாயிண்டைப் பார்த்து மிரளாதீர்கள். அது கூடுமே தவிரக் குறையாது. அதனால் 2000 வைத்திருப்பவர் இருபது வருஷமாக ஆடுபவராக இருக்கலாம், நேற்று வந்த 300 பாயிண்ட்காரர் அவரைவிடக் கூர்மையாகவும் இருக்கலாம்.

நாலு பேர் போதும், ஆறு பேர் வரை சேர்க்கலாம். கடைசிச் சுற்று கோடை என்ஏபிசியில் (வட அமெரிக்க பிரிட்ஜ் சாம்பியன்ஷிப்பில்) நடக்கிறது. உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் தகுதிச் சுற்று அதற்கு முன்பே முடிந்துவிடும். இப்போதே பார்ட்னரோடு உட்கார்ந்து, ஏல முறைகளைக் குறித்து வைக்கும் கன்வென்ஷன் கார்டை நிரப்ப ஆரம்பியுங்கள்.